உங்க சாமி எது?

என் களக்குறிப்பு நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு அதற்கு மேலே இன்னொரு வரி எழுதியிருக்கிறேன். அடித்த வரி: ‘இரவு 9.40. ஆயாவுக்குச் சாமி வந்தது.’ மேலே எழுதியது: ‘இரவு 9.40. மூதாட்டி ஒருவர் மீது தெய்வம் இறங்கியதாக இம்மக்கள் நம்புகின்றனர்.’ மாசி மகத்துக்கு முந்தின ராத்திரி, மாமல்லபுரம் கடற்கரை மணலில் உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தில் எழுதியது. அந்த மூதாட்டி என் அப்பாவைப் பெற்றவள். ‘இம்மக்கள்’ என்று நான் எழுதியது என் அப்பாவை, அம்மாவை, சித்தியை, சித்தி பிள்ளைகளை. என்னையும் அதில் சேர்த்தேனா, விட்டேனா என்று அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டுக்கு அப்படித்தான் எழுத வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டு அடித்தேன். யாரும் சொல்லவில்லை.

மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, ஏரிக்கரை ஓரமாக எங்கள் குடியிருப்பு. 17 வீடு. நாங்கள் இருளர்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் மலையாளிகளுக்கு அடுத்தபடி எண்ணிக்கையில் பெரியவர்கள் நாங்கள்தான். 2011 கணக்கெடுப்பில் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். ஆனால் ஓர் ஊரில் பத்து வீடு, இன்னோர் ஊரில் ஐந்து வீடு என்று சிதறிக் கிடப்பதால் எங்கே போனாலும் நாங்கள் கொஞ்சம் பேர்தான். அப்பாவுக்குச் சவுக்குத் தோப்புக் காவல், சவுக்கு வெட்டு. தை பிறந்தால் குடும்பத்தோடு விழுப்புரம் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விடுவோம். முன்பணம் வாங்கியிருந்தால் மழை பிடிக்கும் வரை அங்கேதான். காய்கிற கல்லைத் திருப்பிப் போடுவது பிள்ளைகள் வேலை. நான் கல் திருப்பிக்கொண்டிருந்த நாட்களில் பள்ளிப் பதிவேட்டில் எனக்கு ஆப்சென்ட் விழுந்துகொண்டிருந்தது. எப்படியோ படித்து எங்கள் குடியிருப்பின் முதல் பட்டதாரி ஆனேன். அந்த ‘எப்படியோ’வில் பெரும்பங்கு ஒரு தலைமையாசிரியைக்கு. சூளைக்கே வந்து மேஸ்திரியிடம் சத்தம் போட்டு என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனவர் அவர்.

சாதிச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில்தான் அந்தக் கேள்வி முதல்முறையாக என் காதில் விழுந்தது. ஓர் அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

“உங்க சாமி எது?”

“கன்னியம்மா சார். ஏழு கன்னிமாரு.”

“செத்தா பொதைப்பீங்களா, எரிப்பீங்களா?”

“பொதைப்போம் சார்.”

“பாம்பு பிடிக்கத் தெரியுமா?”

தெரியாது. எனக்குப் பாம்பென்றால் பயம். அப்பாவுக்குத் தெரியும் என்றேன். எலி சாப்பிடுவீர்களா என்றார். வயல் எலி சாப்பிட்டிருக்கிறேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். யூனிஃபார்ம், ரெட்டைப் பின்னல், ரிப்பன். “இவ்ளோ தெளிவா பேசுறியே, நீ எப்படி இருளர்?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பின்னாலிருந்து என் முதுகைக் கிள்ளினாள். பேசாதே என்று அர்த்தம். தெளிவாகப் பேசினால் சான்றிதழ் கிடைக்காது என்பது, பள்ளிக்கூடமே போகாத என் அம்மாவுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலைந்து தடவை அலைந்து, திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்திலிருந்து ஒருவர் கூட வந்து நின்ற பிறகு, தாள் கைக்கு வந்தது.

அந்தக் கேள்விகள் அவர் சொந்தமாக யோசித்துக் கேட்டவை அல்ல என்பது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பழங்குடி என்று யாரைச் சொல்வது என்பதற்கு 1965-ல் லோகூர் குழு ஐந்து அடையாளங்களை வைத்தது. தொன்மையான வாழ்க்கைக் கூறுகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய இருப்பிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது நாலாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூச்சம். அம்மாவின் கிள்ளல் முதுகில் மறுபடி சுரீர் என்றது. பிறகு 1994-ல் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கு. மகாராஷ்டிரத்தில் இரண்டு சகோதரிகள் மகாதேவ் கோலி பழங்குடி என்று சொல்லி இடம் பெற்றது பற்றிய வழக்கு அது. போலிச் சான்றிதழைத் தடுப்பதற்காக உச்ச நீதிமன்றம் அதில் ஒரு நடைமுறையே வகுத்துக் கொடுத்தது. ஒருவர் பழங்குடி என்று சொன்னால் அவருடைய இனத்தின் மானிடவியல் கூறுகள், தெய்வம், சடங்குகள், கல்யாண முறை, சாவுச் சடங்கு, பிணத்தை அடக்கம் செய்யும் விதம் ஆகியவற்றை விசாரிக்க வேண்டும் என்றது. போலிகள் எங்கள் பிள்ளைகளின் இடத்தைத் தின்றிருக்கிறார்கள், அதனால் தடுப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் படித்தபோது ஒன்று உறைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட கேள்விகள், நான் படிக்க வந்திருக்கிற பாடத்தின் கேள்விகள். தெய்வம் எது, பிணத்தை என்ன செய்வீர்கள், தாலி யார் கட்டுவது. அடுத்த வருஷம் நானே ஒரு நோட்டும் பேனாவுமாக யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து இவற்றைத்தான் கேட்கப் போகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை 1945-ல் தொடங்கியது. சேப்பாக்கத்தில் இருக்கிறது, சாலையைத் தாண்டினால் கடல். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுப் போன எனக்கு முதல் ஆறு மாதம் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’. 1990-ல் வந்த புத்தகம். நான் வாங்கிய பழைய பிரதியின் முதுகில் யாரோ செல்லோ டேப் ஒட்டியிருந்தார்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால்தான் என்னால் அங்கே உட்கார முடிந்தது. அரசு விடுதியில் இடம், உதவித்தொகை, மூன்று வேளைச் சாப்பாடு. தனியார் கையில் இருந்திருந்தால் இந்தப் பாடமே எனக்குக் கிடைத்திருக்காது. பிழைப்புக்கு உதவாத படிப்பு என்று அங்கே இதை மூடியிருப்பார்கள்.

ஊரிலிருந்து திரும்பும்போது திண்டிவனத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவேன். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பாந்தியன் சாலையில் அருங்காட்சியகம். 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவரும் ரங்காச்சாரியும் சேர்ந்து செய்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்தது. மனிதர்களை அளப்பதில் தர்ஸ்டனுக்கு அப்படியொரு வேகம். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். எண் பெரிதாக இருந்தால் அந்த மனிதர் கீழ்ப்படியில் இருக்கிறார் என்று அந்தக் காலத்தில் எடுத்துக்கொண்டார்கள். இருளர் மூக்கின் கணக்கும் அவருடைய பட்டியலில் உண்டு. இரண்டாம் தொகுதியில் தென்னாற்காட்டு இருளர்களைப் பற்றி, செஞ்சி மலைகளைப் பற்றி எழுதியிருக்கிறது. தென்னாற்காடு என்பது எங்கள் மாவட்டத்தின் பழைய பெயர். விழுப்புரம் அதிலிருந்து பிரிந்தது 1993-ல்தான். நூலகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது கை என்னையறியாமல் மூக்குக்குப் போனது. எரிச்சலோடு படிக்க ஆரம்பித்தேன். ஆனால் அவர் சொல்கிற சிலவற்றை எங்கள் ஆயாவும் சொல்வாள். கிழங்கு தோண்டுவது, தேன் எடுப்பது, தோப்புக் காவல். எங்களைப் பற்றி நூறு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிய சிலரில் இவர் ஒருவர். வேண்டாம் என்று தள்ளவும் முடியவில்லை, நெஞ்சோடு வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. இன்றைக்கும் அப்படித்தான்.

ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு என்று துறையில் கேட்டபோது மாசி மகம் என்றேன்.

கன்னியம்மா எங்களோடு கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள் என்பது கதை. வருஷத்துக்கு ஒருமுறை, மாசி மகத்துப் பௌர்ணமியில், நாம் போய்க் கூப்பிட்டால் கரைக்கு வருவாள். விழுப்புரம், கடலூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர் என்று எங்கெங்கோ சிதறிக் கிடக்கிற இருளர்கள் அந்த இரண்டு நாள் மாமல்லபுரம் மணலில் ஒன்றாகச் சேர்வோம். பெண் பார்ப்பது, கல்யாணம், காது குத்து, மொட்டை எல்லாம் அங்கேயே முடியும். எங்கள் 17 வீட்டுக்கும் சேர்த்து ஒரு வேன். அரிசி, விறகு, பாய், குடம், கால் கட்டிய இரண்டு கோழி. ஓட்டியது அம்மாவின் தம்பி, என் மாமா. மாமா பத்து வருஷமாகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். வேன் கண்ணாடியில் ‘கர்த்தர் என் மேய்ப்பர்’ என்று ஒட்டியிருக்கும். அந்த வேனில்தான் வருஷா வருஷம் கன்னியம்மாவைப் பார்க்கப் போகிறோம்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் ஆண்கள் சவுக்குக் கழி நட்டுச் சேலையைக் கட்டிக் கூடாரம் போட்டார்கள். ஆயா ஈர மணலை அள்ளி வந்து படி கட்ட உட்கார்ந்தாள். ஏழு படி. ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தட்டித் தட்டி, ஓரத்தை விரலால் வழித்து, சாணி மெழுகிய திண்ணை மாதிரி வழவழப்பாகக் கொண்டுவந்தாள். கட்டும்போது யாரோடும் பேசவில்லை. படிக்கு ஒரு பூ, ஒரு வெற்றிலை, ஒரு சிட்டிகை மஞ்சள். கடல் காற்றில் விளக்கு நிற்காது. அதனால் முழங்கை ஆழத்துக்கு மணலில் குழி பறித்து, குழிக்குள் அகலை வைத்து ஏற்றினாள். மேலிருந்து பார்த்தால் மண்ணுக்கு அடியிலிருந்து வெளிச்சம் வருவதுபோல் இருந்தது. இதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் நோட்டை வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான், குழியின் வாயை ஆயா கடலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் தோண்டுகிறாள் என்பது கண்ணில் பட்டது. படிப்பு எனக்குக் கொடுத்தவற்றில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழகிப்போனதை முதல்முறை பார்ப்பதுபோல் பார்க்கிற கண்.

உடுக்கை அடிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஆயா கொட்டாவி விட்டாள். ஒன்று, இரண்டு, விடாமல். வலது கால் கட்டைவிரல் மணலைத் தோண்டியது. பிறகு உடம்பு ஒரு முறை குலுங்கி நின்றது. வாயைத் திறந்தபோது வந்த குரல் ஆயாவுடையது இல்லை. வெற்றிலை போட்டுப் போட்டுக் கரகரத்த எழுபது வயதுக் குரல் போய், சின்னப் பெண்பிள்ளையின் மெல்லிய குரல் வந்தது. அது என் அப்பாவைப் பார்த்துக் கேட்டது.

“ஏன்டா, போன வருஷம் இன்னாத்துக்கு வரல?”

அப்பா கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். “சூளையில உடல தாயே. முன்பணம் பாக்கி இருந்துச்சு.”

“நான் கரையில நின்னுகினே இருந்தேன்டா. விடியற மட்டும் நின்னுகினு இருந்தேன்.”

அப்பா அழுதார். மேஸ்திரி அடித்தபோதும் அழாதவர். “மன்னிச்சுக்கோ தாயே, மன்னிச்சுக்கோ” என்று மணலில் விழுந்தார். ஆயா, அல்லது கன்னியம்மா, குனிந்து அவர் தலையில் கை வைத்து, “சாப்ட்டியா?” என்று கேட்டாள்.

மணி பார்த்தேன். 9.40. நோட்டில் எழுதினேன். பிறகு அடித்தேன்.

அந்த அடித்தலில் என்ன தப்பு என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. புரிய உதவியதும் மானிடவியல்தான். இவான்ஸ் பிரிச்சர்ட் என்று ஓர் ஆங்கிலேயர், சூடானின் நூயர் மக்களோடு இருந்தவர். 1956-ல் எழுதிய ‘நூயர் சமயம்’ என்ற புத்தகத்தில், கடவுள் உண்டு என்று நம்புகிறேன் என்ற பொருளில் சொல்ல நூயர் மொழியில் சொல்லே இல்லை என்கிறார். கடவுள் இருப்பது அவர்களுக்குப் பேச்சே இல்லை. அவரோடு எப்படி இருப்பது என்பதுதான் பேச்சு. இதைப் பிடித்துக்கொண்டு ராட்னி நீதம் 1972-ல் ஒரு புத்தகமே எழுதினார். ‘நம்புகிறார்கள்’ என்று நாம் பிற மக்களைப் பற்றி எழுதுகிறோமே, அது அவர்கள் மனத்தில் நடக்கிற ஒன்றுதானா, அல்லது நம் மொழியில் இருக்கிற வினைச்சொல்லைத் தூக்கி அவர்கள் தலையில் வைக்கிறோமா என்பது அவருடைய கேள்வி.

இதை வகுப்பில் கேட்ட அன்று நான் தமிழுக்கு வந்து யோசித்தேன். நம்மிடம் நம்பு என்ற சொல் இருக்கிறது. ஆனால் ஊரில் அதை எப்படிச் சொல்கிறோம்? “உன்ன நம்பித்தான் புள்ளைய அனுப்புறேன்.” “மழைய நம்பி விதைச்சேன்.” “நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டான்.” மழை என்று ஒன்று உண்டு என்பது என் கருத்து என்றா அந்த விவசாயி சொல்கிறார்? மழை மேல் பாரத்தைப் போட்டிருக்கிறேன் என்கிறார். தொல்காப்பிய உரியியலில் நம்பு என்ற சொல்லுக்குப் பொருள் நசை, அதாவது விருப்பம். அங்கிருந்து இன்று வரை அந்தச் சொல் ஒருவரைச் சார்ந்து நிற்பதைத்தான் சொல்லி வந்திருக்கிறது. இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை அதற்கு நாம்தான் புதிதாகக் கொடுத்தோம். அன்றைக்குக் கடற்கரையில் என் அப்பா எந்தக் கருத்தும் வைத்திருக்கவில்லை. ஒருத்தி விடிய விடியக் காத்திருந்தாள், இவர் போகவில்லை. அதற்காக அழுதார். ‘தெய்வம் இறங்கியதாக இம்மக்கள் நம்புகின்றனர்’ என்ற என் வரியில் அந்த அழுகைக்கு இடமே இல்லை.

அப்படியானால் ‘சாமி வந்தது’ என்று எழுதிவிட்டால் சரியா? கூடப் படித்த தோழி ஒருத்தி இதைத்தான் கேட்டாள். பெரியார் சிலையைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரி. “நாளைக்குப் பேய் ஓட்டுறேன்னு சொல்லிப் பொண்ணுங்கள அடிக்கிறானே, அங்கயும் போய் பேய் வந்ததுன்னு எழுதுவியா?” என்றாள். அந்தக் கேள்வி நியாயமானது. அடியை அடி என்றுதான் எழுதுவேன் என்றேன். ஆனால் அது அவள் கேட்டதற்கு முழுப் பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். மானிடவியலாளர்களே இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். இவான்ஸ் பிரிச்சர்ட் அசாண்டே மக்களிடம் இருந்தபோது ஓர் இரவு தோட்டத்துப் பக்கம் ஒரு வெளிச்சம் நகர்ந்து போவதைப் பார்த்தார். மறுநாள் அந்தத் திசையில் ஒரு சாவு. சூனியத்தின் வெளிச்சம் அது என்றார்கள் ஊர்க்காரர்கள். யாராவது புல்லைக் கொளுத்திக்கொண்டு போயிருக்கலாம் என்று அவர் எழுதினார்; ஆனால் பார்த்ததையும் மறைக்காமல் எழுதினார். எடித் டர்னர் என்ற அம்மையார் 1985-ல் ஜாம்பியாவில் ஒரு வைத்தியச் சடங்கில் கூட நின்றபோது, நோயாளிப் பெண்ணின் முதுகிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று வெளியேறியதைக் கண்ணால் பார்த்தேன் என்றே எழுதிவிட்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அதே மக்களிடம் கணவர் விக்டர் டர்னரோடு இருந்தவர், அதே சடங்கைப் படித்தவர். அப்போது பார்க்கவில்லை. துறையில் பலர் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

நான் எதையும் பார்க்கவில்லை. ஆயாவின் குரல் மாறியதைக் கேட்டேன், அவ்வளவுதான். எனக்குச் சாமி வந்ததில்லை. சிறுவயதில் வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன், கால்தான் வலித்தது. அன்றிரவு நடந்தது என்ன என்று கேட்டால், தெரியாது என்பதுதான் என் உண்மை. இங்கேதான் என் வரி பொய்யானது. தெரியாதது எனக்கு. அந்தத் தெரியாமையை என் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட எனக்குத் தைரியமில்லை. அதை ‘நம்புகின்றனர்’ என்று மாற்றி அவர்கள் கணக்கில் எழுதிவிட்டேன். என் சந்தேகத்தை அவர்கள் சுமக்கும்படி செய்துவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் செய்ததும் வேறென்ன? சந்தேகம் அவருக்கு. ரிப்பன் கட்டிய பெண் இருளராக இருக்க முடியுமா என்ற குழப்பம் அவருடையது. தலையைக் குனிந்து, கூச்சப்பட்டு, பாம்பு எலி என்று பதில் சொல்லி அதைத் தீர்த்துவைக்க வேண்டியவள் நானாக இருந்தேன்.

சாமி வந்து போய், ஆயா தண்ணீர் குடித்துப் படுத்த பிறகு, வேனுக்குப் போனேன். மாமா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மணல் படிப் பக்கம் வரமாட்டார்; வேனில் உட்கார்ந்தபடி அதிலிருந்து கண்ணெடுக்கவும் மாட்டார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரைக் கேட்டேன். “மாமா, ஆயாவுக்கு வர்றது கன்னியம்மாதான்னு நீ நம்புறியா?”

அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அவ உங்க ஆயாவுக்கு வர்றா. எனக்கு வரல. எனக்கு வரலன்னா இல்லன்னு ஆயிடுமா பாப்பா? எனக்கு இயேசப்பா இருக்காரு. உங்கப்பன் அழுதான் பாரு, அத எழுதிக்கினியா?”

எழுதிக்கொள்ளவில்லை. அப்புறம்தான் எழுதினேன்.

மாமாவைப் பற்றி இன்னொன்று. பட்டியல் சாதியினர் பற்றிய 1950-ஆம் ஆண்டு ஆணையில் மத நிபந்தனை இருக்கிறது. இந்து, பிறகு 1956-ல் சீக்கியர், 1990-ல் பௌத்தர், அதற்கு வெளியே போனால் பட்டியலில் இடமில்லை. பட்டியல் பழங்குடியினர் ஆணையில் அப்படி எந்த நிபந்தனையும் கிடையாது. என் மாமா எந்தச் சபைக்குப் போனாலும் சட்டப்படி இருளர்தான். ஆனால் அவர் மகன் சான்றிதழுக்குப் போய், உங்க சாமி எது என்று கேட்டால், பிள்ளை என்ன சொல்வான்? இயேசு என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். கன்னியம்மா என்றால் வீட்டில் அப்பாவுக்கு எதிராகச் சொன்ன மாதிரி. சட்டம் கேட்காத கேள்வியை விசாரணை கேட்கிறது. தெய்வத்தை அடையாள அட்டை ஆக்கினால் தெய்வத்தை மாற்றிக்கொள்கிற உரிமையும், தெய்வமே வேண்டாம் என்கிற உரிமையும் பழங்குடிக்கு மட்டும் இல்லாமல் போகும். ஊரில் மற்றவர்கள் கோயிலை இடித்துக் கட்டலாம், குலதெய்வத்தை மறந்து வேறு சாமிக்கு மாலை போடலாம், யாரும் கேட்பதில்லை. நாங்கள் மட்டும் தர்ஸ்டன் புத்தகத்தில் இருக்கிறபடியே இருக்க வேண்டும்.

2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு பெரிய வார்த்தை சொன்னது. மகாராஷ்டிரத்துத் தாக்கூர் பழங்குடிகளின் அமைப்பு தொடுத்த வழக்கு. இந்தப் பண்பாட்டுப் பொருத்தச் சோதனை முடிந்த முடிவு அல்ல, மற்ற ஆவணங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று மட்டுமே என்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. செய்தியை விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நின்றபடி செல்போனில் படித்தேன். படித்ததும் அம்மாவுக்கு போன் போட்டேன். எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. “இனிமே புள்ளைங்க தெளிவா பேசலாம்மா” என்றேன். “யாரு சொன்னா?” என்றாள். தீர்ப்பு மேசை வரை வந்து சேர எத்தனை வருஷம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆய்வேட்டின் முதல் வரைவை வாசித்த என் ஆசிரியை அதிகம் திருத்தவில்லை. ஓர் இடத்தில் மட்டும் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘இம்மக்கள் — யார்?’ முதலில் அதை மொழிநடைத் திருத்தம் என்று நினைத்து ‘இருளர்கள்’ என்று மாற்றினேன். அவர் மறுபடி வட்டம் போட்டார். மூன்றாம் முறைதான் புரிந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். என் ஆயாவுக்குச் சாமி வந்தது என்று என் வீட்டார் சொன்னார்கள். ஆயாவின் குரல் மாறியதை நான் கேட்டேன். வந்தது யார் என்று எனக்குத் தெரியாது. என் அப்பா அழுதார். வந்தவள் அவரைச் சாப்பிட்டாயா என்று கேட்டாள். இப்படி ஐந்து வரி. ஆய்வேட்டுக்கு இது பொருந்துமா என்று கேட்டேன். பொருந்தும்படி மற்ற பக்கங்களை எழுது என்றார்.

போன மாசி மகத்துக்கு முன்னால் அந்த ஆய்வேட்டை ஊருக்கு எடுத்துப் போயிருந்தேன். ஆயாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. படி கட்டுவதைச் சித்திக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து, படி கட்டிய பகுதியைப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். விளக்குக் குழி வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

“இன்னான்னு எழுதியிருக்க? திரும்பப் படி.”

“குழியின் வாயைக் கடலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் தோண்டுவார். காற்றில் விளக்கு அணையாமல் இருக்க.”

“காத்துக்கா?” என்றாள். “காத்துக்கு இல்லடி. அவ அந்தாண்டருந்து வர்றா. கண்ணுல வெளிச்சம் அடிச்சா கூசும்ல? அதான் இந்தாண்ட சாய்ச்சு வெக்கறது.”

நோட்டை எடுத்து வந்து பேனாவைத் திறந்தேன். ஆயா மறுபடியும் சொன்னாள், இந்த முறை நிறுத்தி நிறுத்தி, நான் எழுதி முடிக்கிறேனா என்று பேனாச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே.